புழு தின்னாத இலை

9 அக்டோபர் 1987, வெள்ளி

காலையிலிருந்து தூறல் விடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாவாடைகளுக்கு இடுப்புப் பட்டி வைத்துத் தைத்தேன். மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே முஞ்சிரா மரம். தைத்ததை விட அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம்.

எங்கள் பேச்சில் முஞ்சிரா என்றால் கம்பளிப்புழு. அந்தப் பெயரை வைத்தவர் இலையைப் பார்த்து ஏமாந்திருக்க வேண்டும். ஓரமெல்லாம் கடித்துக் குதறியது போல இருக்கிறது. ஆனால் ஒரு புழுவும் கிட்டே வருவதில்லை. தளிராக விடும்போதே யாரோ தின்று மிச்சம் வைத்தது மாதிரிதான் விடுகிறது. இது மயக்குமரத்தில் ஒரு வகை. மயக்குமரம் இந்தப் பள்ளத்தாக்கில் வேலிக்கு வேலி உண்டு. எங்கள் பக்கத்தில் எல்லாம் சிவப்புப் பூ, வாசனை இல்லாதது, நீள அலகுள்ள ரீங்காரச்சிட்டு வந்து குடித்துவிட்டுப் போவது. வெள்ளைப் பூவும் கடித்த இலையுமாக நிற்பது எங்கள் வீட்டு மரம் மட்டும்.

இந்தத் தடவை மொட்டு நிறைய. பச்சை உறையின் ஒரு பக்கம் கிழிகிறது, மடக்கிய குடை போலப் பூ கீழே இறங்குகிறது, முறுக்கு மெல்ல அவிழ்கிறது. ஐந்து முனைகளும் பூனைவால் போலச் சுருண்டுகொள்கின்றன. பகலில் அதற்கு வாசனையே இல்லை. சாயங்காலம் பால் லாரி திரும்பிப் போகிற நேரத்துக்குத்தான், யாரோ ஒரு கதவைத் திறந்தது போல வரும்.

அண்ணி சொய்லா திட்டிவிட்டுப் போனாள். "ஜன்னலைச் சாத்து நார்சிசா. அது மூக்குல ஏறினா கண்டதும் கனவுல வரும்."

சாத்தவில்லை. கனவில் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் வெள்ளைப் பாவாடைகள், எல்லாம் தலைகீழாக. காற்று உள்ளிருந்து அடித்தது.

12 அக்டோபர், திங்கள்

வளைவில் ஒரு ஹாரன். ஒன்றே ஒன்று. அண்ணன் வீட்டில் இருக்கும் நாளில் அதுவும் கிடையாது.

14 அக்டோபர், புதன்

இதை ஏன் இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது என்று தெரியவில்லை. கபினோ பால் லாரி ஓட்டுகிறார். மேலே ஏரிக்கரை ஊர்க்காரர், எங்கள் பழங்குடி ஆள் இல்லை, ஸ்பானிஷ்தான் பேசுவார், எங்கள் பேச்சு தெரியாது. மனைவி தவறிய மறுவருஷம் எலிசேயோ அண்ணனிடம் வந்து என்னைக் கேட்டார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றுதான் கேட்டார். அண்ணன் உட்காரக்கூடச் சொல்லவில்லை. வெளியாட்கள் வந்துதான் எங்கள் நிலமெல்லாம் போனது, தங்கையையும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் உள்ளே சோளம் உரித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்கு முப்பத்தாறு.

அதற்கப்புறம்தான் ஹாரன்.

மரம் பூத்துத் தள்ளுகிறது. இன்று விரிந்தது வெள்ளை, முந்தாநாள் விரிந்தது பாலாடை நிறம், அதற்கு முந்தையது சாயம்போன மஞ்சள். ஒரே கிளையில் மூன்று வயதுப் பூக்கள்.

17 அக்டோபர், சனி

கிளைகள் ஜன்னலுக்குள்ளேயே வந்துவிட்டன. தைத்த துணிமேல் பூவின் ஈரம் சொட்டுகிறது. மதியம் அரிவாளால் கொஞ்சம் கழித்தேன். கட்டை மெத்தென்று இருப்பதால் வெட்டுகிற சிரமமே இல்லை. நேற்றைய மழைத் தண்ணீரெல்லாம் பூக்களுக்குள் தேங்கி நின்று என் தலையில் கொட்டியது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். யாரும் பார்க்கவில்லை.

18 அக்டோபர், ஞாயிறு

என் வலது கண்ணுக்கு என்னமோ ஆகிவிட்டது.

காலையில் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. வெளிச்சம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. அடுப்பு நெருப்பைச் சுற்றி ஒரு வளையம், சொய்லா அண்ணி தலையைச் சுற்றி ஒரு வளையம், புனிதர் படம் மாதிரி. கண்ணாடியில் பார்த்தேன். இடது கண் எப்போதும் போல. வலது கண்ணில் பழுப்பே இல்லை, கறுப்பு மட்டும். கிணற்றை எட்டிப் பார்ப்பது போல இருந்தது. அதற்குள்ளிருந்து யாரோ என்னைப் பார்க்கிற மாதிரி.

வலி இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஒற்றைக் கண்ணை மூடினால் வயல், மாடு, வேலி. மாற்றி மூடினால் எல்லாம் பாலில் கரைந்துபோய், மலை எங்கே முடிகிறது மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் — அழகாகத்தான் இருக்கிறது. அப்படி நினைப்பதற்கு வெட்கமாகவும் இருக்கிறது.

19 அக்டோபர், திங்கள்

அண்ணி கண்டுபிடித்துவிட்டாள். சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள். நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கண் சுருங்கியதாம், வலது அசையவே இல்லையாம். இன்னொரு தடவை அடித்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு அண்ணியை வெளியே கூப்பிட்டுப் பேசினார். பலகைச் சுவர், எல்லாம் கேட்டது. தலைக்குள் ஏதாவது வளர்ந்து நரம்பை அழுத்தினால் இப்படி ஆகுமாம். தாமதம் பண்ணாமல் பாஸ்தோ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

அம்மாவுக்கும் தலையில்தான் வந்தது. அறுவடைக்கு முன் படுத்தவள் அறுவடையைப் பார்க்கவில்லை.

பஸ் பழுதாகி பக்கத்து ஊர் சான்டியாகோவில் நிற்கிறதாம். அண்ணன் சாப்பிடாமல் எழுந்து சாலைக்குப் போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். வளைவில் நின்று பால் லாரியைக் கைகாட்டி நிறுத்தினார். இருவரும் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. இந்தத் தடவை தொப்பியைக் கழற்றி வைத்திருந்தது அண்ணன்.

20 அக்டோபர், செவ்வாய் — பாஸ்தோ

எழுத்து கோணலாக வருகிறது. ஒரு கண்ணால் எழுதுகிறேன்.

கிளம்பும்போது அண்ணன் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்காமல் கபினோவிடம் சொன்னார். "பாத்துக் கூட்டிட்டுப் போ." கபினோ தலையை ஆட்டினார். கைக்குழந்தை லீதாவுக்குக் காய்ச்சல், அண்ணி வர முடியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பால் கேன்களும்தான்.

மேலே போகப் போக மூடுபனி. பஞ்சிலைச் செடிகள் சாலையோரம் ஆட்கள் போல நின்றன. என் வலது கண்ணுக்கு அவை நடந்தன. உலகம் இப்படி லேசாகி விட்டதே, இனிமேல் இதில் எதைத் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. செத்துப்போவது என்றால் இதுதானா — ஓரங்கள் எல்லாம் கரைந்துபோவது?

உச்சி வளைவில் சொல்லிவிட்டேன்.

"கபினோ, அன்னிக்கு அண்ணன்தான் வேண்டாம்னாரு. நான் வேண்டாம்னு சொல்லல."

லாரி கொஞ்ச தூரம் போனது. பிறகு ஓரமாக நிறுத்தி இறங்கி, கண்ணாடியைத் துணியால் துடைத்தார். வைப்பர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்து, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த வளைவுல இத்தனை வருஷமா ஹாரன் அடிக்கிறேனே. மாட்டுக்குன்னு நெனச்சீங்களா?"

"எனக்குன்னுதான் நெனச்சேன். இருந்தாலும் மாடும் ஒண்ணு அங்க நிக்குமே."

சிரித்தோம். செத்துப்போனால் இது யாருக்கும் தெரியாமலே போய்விடும், அதனால்தான் சொன்னேன் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

21 அக்டோபர், புதன்

கட்டில். சுவர். டாக்டர்கள் வந்து வந்து டார்ச் அடிக்கிறார்கள். தலையைப் படம் எடுக்கத் தலைநகர் பொகோத்தாவுக்கு அனுப்ப வேண்டியிருக்குமாம்.

கபினோ வந்து அவித்த உருளைக்கிழங்கு கொடுத்துவிட்டுப் போனார். நேற்றுப் பேசியதைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

நான் இல்லாவிட்டால் முஞ்சிராவை யார் கழிப்பார்கள்? என்ன கேள்வி இது.

23 அக்டோபர், வெள்ளி

நான் சாகப்போவதில்லை.

இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். சாகப்போவதில்லை.

இன்று புதிதாக ஒரு கண் டாக்டரம்மா வந்தார், சின்ன வயசு, பொப்பயான் ஊர்ப் பேச்சு. இரண்டு கண்ணிலும் ஒரு மருந்து விட்டுக் காத்திருந்தார். நல்ல கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கிவிட்டது. மற்றது அப்படியே நின்றது. மூளையில் கோளாறு என்றால் இந்த மருந்துக்குச் சுருங்கியாக வேண்டுமாம். சுருங்க மறுக்கிறது என்றால் வெளியிலிருந்து ஏதோ கண்ணுக்குள் போயிருக்கிறதாம். என்ன வேலை செய்கிறேன், வீட்டில் என்ன செடிகள், கடைசியாக எதை வெட்டினேன் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் முஞ்சிரா என்றேன். அவருக்குப் புரியவில்லை. தரையைப் பார்த்துத் தொங்கும் நீளமான வெள்ளைப் பூ, சாயங்காலம் மணக்கும் என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "உங்க தலையில ஒண்ணும் இல்லம்மா. உங்க மரம் உங்களுக்குக் கண்ணுல மை வச்சி விட்டிருக்கு. தானா இறங்கிடும்."

அந்த மரத்தில் வேரிலிருந்து பூந்தேன் வரை எல்லாமே விஷம்தானாம், ஒரு சொட்டு பட்டாலே போதுமாம். கழித்ததும் கையைக் கழுவவில்லையா என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. பக்கத்துக் கட்டில்காரி என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்புறம்தான் நினைவு வந்தது. ஐயோ. லாரியில் என்னவெல்லாம் சொல்லித் தொலைத்தேன்.

24 அக்டோபர், சனி

கபினோ கூட்டிப் போக வந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னேன். "எனக்கு ஒண்ணுமில்லையாம். மரத்துச் சாறுதானாம். அன்னிக்கு ஏதோ பயத்துல—"

"சாகப்போறேன்னு சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கிக்கங்க," என்றார். "மத்தது எங்கிட்டயே இருக்கட்டும்."

வழியெல்லாம் வெயில். கண் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. ஏரி கீழே தெரிந்தபோது தண்ணீர் எது வெளிச்சம் எது என்று தெரியவில்லை. அவரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லையாம்.

30 அக்டோபர், வெள்ளி

கண் பழையபடி ஆகிவிட்டது. ஊசி கோர்க்கிறேன். உலகம் மறுபடி ஓரங்களோடு இருக்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். டிசம்பரில் கபினோவோடு போகிறேன் என்று மட்டும் சொன்னேன், கேட்கவில்லை, சொன்னேன்.

"அவங்க ஆளுங்க நம்மள எங்க தள்ளி வச்சிருக்காங்கன்னு தெரியும்ல உனக்கு?"

தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் தெரியாதவர் யார்? அவர் தள்ளவில்லையே, அவருக்கும் ஏரிக்கரையில் ஒரு துண்டு நிலம்தானே என்றேன். அண்ணன் புல்லைக் கீழே வைத்தார்.

"உனக்கு இங்க என்ன கொறை வச்சேன்?"

குறை என்று ஒன்றும் வைக்கவில்லைதான். அது ஒரு பதிலா?

31 அக்டோபர், சனி

அண்ணன் மரத்தை வெட்டிவிட்டார்.

பாவாடைகளைக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் ஜன்னலில் வெறும் வானம். லீதா தவழ ஆரம்பித்துவிட்டாள், பிள்ளை கையில் பட்டு வாயில் வைத்தால் என்ன ஆகும் என்றார். தப்பென்று சொல்ல முடியாது. எனக்கே அப்படி ஆனதே. ஆனாலும் அது மட்டும் காரணம் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெட்டிய கட்டையிலிருந்தே துளிர்த்துவிடும் என்பதால் வேரையும் பறித்துப் போட்டிருந்தார். பூக்கள் சேற்றில் கிடந்தன. பொழுது சாய, வெட்டிப் போட்ட பிறகும் மணந்தன.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. இது காய்க்காத மரம், விதை கிடையாது. இந்தக் கடித்த இலையை வேறெங்கே போய்த் தேடுவது? ஊமத்தை தானாக முளைக்கும், குப்பைமேட்டிலும் முளைக்கும். மயக்குமரம் அப்படி இல்லை. மலைக்காட்டில் எவ்வளவோ சுற்றியிருக்கிறேன், மனுஷக் கை படாத இடத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. காட்டுக்குள் ஒன்று நின்றால், அங்கே ஒரு காலத்தில் ஒரு வீடு இருந்தது என்று அர்த்தம். யாராவது ஒடித்து, யாராவது ஊன்றினால்தான் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

அண்ணன் வீட்டுக்குள் போய்விட்டார். அண்ணி ஒரு கோணியை நனைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

கையில் துணி சுற்றிக்கொண்டு குச்சிகள் ஒடித்தேன். தண்டு இரண்டாகக் கவை பிரியும் இடத்துக்கு மேலே எடுத்தால் சீக்கிரம் பூக்கும், ஆனால் குட்டையாக நிற்கும். கவைக்குக் கீழே எடுத்தால் முதலில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தானே கவை விட்ட பிறகுதான் பூவைப் பற்றி யோசிக்கும். இரண்டிலும் எடுத்தேன்.

2 நவம்பர், திங்கள்

ஆன்மாக்கள் நாள். அம்மா அப்பாவுக்காக மேசையில் சோளத்தில் புளிக்கவைத்த சிச்சா, அவித்த சோளம், முட்டை. அண்ணனும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். செத்தவர்களிடம் மட்டும் பேசினோம்.

12 டிசம்பர், சனி — ஏரிக்கரை

காலையில் கிளம்பினேன். தையல் மெஷின், இரண்டு மூட்டை, குச்சிகள் வைத்த கோணி. அண்ணன் மேட்டு வயலுக்குப் போய்விட்டார். அண்ணி லாரி வரை வந்தாள், மெஷினைப் பிடித்து ஏற்றிவிட்டாள், "எழுது" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

இந்தத் தடவை வளைவில் கபினோ ஹாரன் அடிக்கவில்லை.

15 டிசம்பர், செவ்வாய்

கோயிலில் கல்யாணம் முடிந்தது. கபினோவின் அக்கா ஒருத்தி மட்டும் வந்தாள். "பாஷை புரியாத பொண்டாட்டி, நல்லது, சண்டைக்கு ஆள் இல்ல," என்று தம்பியைக் கேலி செய்தாள். நான் ஸ்பானிஷிலேயே, சண்டைக்கு மட்டும் எல்லாப் பாஷையும் வரும் என்றேன். அதிலிருந்து என்னை அவளுக்குப் பிடித்துவிட்டது.

கொல்லையில் ஒரு வெள்ளை மயக்குமரம் நிற்கிறது, வழவழ இலை. அவர் முதல் மனைவி நட்டதாம். அதன் பக்கத்திலேயே என் குச்சிகளை ஊன்றினேன். இருக்கட்டும் என்று அவளிடம் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

15 பிப்ரவரி 1988, திங்கள்

பெரிய நாள், எங்கள் வருஷத் திருவிழா. கபினோவையும் கூட்டிக்கொண்டு பள்ளத்தாக்குக்கு இறங்கினேன். கொம்பு ஊதிக்கொண்டு எல்லாரும் வரிசையாக ஆடி வந்தார்கள், வழக்கம் போல ஒருவர் தலையில் ஒருவர் பூவிதழைத் தூவி, போன வருஷத்தை மன்னித்துக்கொண்டு.

எலிசேயோ அண்ணன் என் முன்னால் வந்து நின்றார். தலையில் இதழ் வைத்தார். கை கனமாக இருந்தது, எடுக்க மறந்தது போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கபினோவின் முன்னால் போனார். இதழ் பிடித்த கை உயர்ந்தது. நின்றது. பக்கத்து ஆள் தலையில் தூவிவிட்டு நகர்ந்துவிட்டார்.

"பாதி தூரம் வந்துட்டாரே," என்றார் கபினோ, திரும்பும் வழியில்.

4 ஆகஸ்ட், வியாழன்

உறைபனி. குச்சிகள் கறுத்துத் தொங்குகின்றன. சட்டைத்துணி வெட்டின மிச்சங்களைச் சுற்றிக் கட்டியிருந்தேன், பிரயோஜனமில்லை.

9 செப்டம்பர், வெள்ளி

ஒன்று மட்டும் துளிர்த்திருக்கிறது. கவைக்குக் கீழே எடுத்தது. தளிரிலேயே கடித்த ஓரம்.

30 அக்டோபர் 1989, திங்கள்

கவை விட்டது, மொட்டும் விட்டது. ஏரியிலிருந்து பனி ஏறி வரும் நேரத்தில் இரண்டு மரமும் சேர்ந்து மணக்கின்றன. எந்த வாசனை எதனுடையது என்று பிரிக்க முடியவில்லை. பெரிய சாம்பல் விட்டில் ஒன்று இதில் நுழைந்து, வெளியே வந்து, அதில் நுழைந்தது. தையலை மடியில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கபினோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். விளக்கு ஏற்ற இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

2 டிசம்பர், சனி

முஞ்சிராவில் ஒரு காய்.

நாற்பத்தைந்து வயதுக்கு இன்றுதான் பார்க்கிறேன். விரல் நீளம், பச்சை, வழவழப்பு, ஒரு முள்கூட இல்லை. அதுவும் தரையைப் பார்த்துத்தான் தொங்குகிறது.

18 மார்ச் 1990, ஞாயிறு

காலையில் பால் லாரி வந்து நின்றது. கபினோ இறங்கினார், அந்தப் பக்கக் கதவிலிருந்து சொய்லா அண்ணி இறங்கினாள், லீதாவை இறக்கினாள். அப்புறம் எலிசேயோ அண்ணன். வளைவில் அவரே கைகாட்டி நிறுத்தினாராம். எங்கே போகணும் என்று கபினோ கேட்டதற்கு, நீ எங்கே போறியோ அங்கேதான் என்றாராம்.

அண்ணனுக்கு முடி நரைத்துவிட்டது. ஏரியைப் பார்த்தார், படகைப் பார்த்தார், என் மெஷினைத் தொட்டுப் பார்த்தார். கொல்லைக்குப் போனவர் வரவே இல்லை. போய்ப் பார்த்தேன். முஞ்சிரா முன்னால் நின்றுகொண்டிருந்தார். காய் இப்போது சாண் நீளம், பழுப்பேறிக் காய்ந்துவருகிறது.

"இது காய்க்குமா?"

"இங்க வந்துதான் காய்ச்சுது."

"நம்ம வீட்டுல ஒரு தடவைகூட—"

"தன் பூவுக்குத் தானே காய்க்காதுண்ணே. வேற வெள்ளைப்பூ மரம் ஒண்ணு பக்கத்துல இருக்கணும்."

அண்ணன் அந்த வழவழ இலை மரத்தைப் பார்த்தார், மறுபடி இதைப் பார்த்தார். பிறகு மரத்திடம் சொல்வது போலச் சொன்னார்.

"நம்ம வீட்டுல ஒண்டியா நிக்க விட்டுட்டேன்."

சாப்பிட வாங்கண்ணே என்று மட்டும் சொன்னேன்.

ஏரி மீனும் உருளைக்கிழங்கும். கபினோ நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க என்றார். அண்ணன் உட்கார்ந்தார். மீனில் முள் எடுக்கத் தெரியாமல் திணறினார். கபினோ அந்தத் தட்டை வாங்கி, முள்ளை நீக்கி, திருப்பி வைத்தார். அண்ணன் சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டார்.